உறைப்பு ஒரு சுவைதானா? கண்ணாடி முன் நின்று பாருங்கள்

மட்டக்களப்பில் முட்டித் தயிர் வாங்கி வந்த நாள் இதற்குத் தோதான நாள். தயிரோடு கண்ணாடி, கழுவிய பல்குத்திகள் சில, சீனி, ஒரு பச்சைக் கொச்சிக்காய் போதும். வாயில் புண் இருந்தால் ஆறும்வரை பொறுத்திருங்கள். சிறு பிள்ளைகளுக்கு மூன்றாம் படி வேண்டாம்.

முதற்படி: நாக்கை நீட்டுங்கள். வெளிறிய பரப்பில் அங்கங்கே சிவந்த புள்ளிகள் தெரியும். சுவையரும்புகள் அவற்றில் இருக்கின்றன. சுற்றியுள்ள மெல்லிய முளைகளில் சுவையரும்பே கிடையாது.

இரண்டாம் படி: கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் இரண்டு பல்குத்திகளை 2 மில்லிமீற்றர் இடைவெளியில் பிடித்து, உங்கள் நாக்கு நுனியில் மெதுவாகத் தொடட்டும். இரண்டும் தனித்தனியே தெரியும். அதே இடைவெளியில் முன்னங்கையைத் தொட்டால் ஒன்றாகவே தோன்றும். நாக்கு நுனியில் தொடுகை நரம்பு முனைகள் அவ்வளவு நெருக்கம். வாவி மீனின் மயிரிழை முள்ளையும் சோற்றுக்குள் நாக்கு பிடித்துவிடுவது இதனால்தான்.

மூன்றாம் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். கீழுதட்டை வெளியே இழுத்து, உட்புறத்தைத் துணியால் ஒற்றிச் சிறிது சீனி வையுங்கள். நறநறப்பு தெரியும், உமிழ்நீர் அதை நாக்குக்குக் கொண்டுபோகும்வரை இனிப்புத் தெரியாது. வாயைக் கொப்பளித்துவிட்டு, வெட்டிய கொச்சிக்காயில் தொட்ட பல்குத்தியை அதே இடத்தில் வையுங்கள். எரியும்! இனிப்பை அறியாத இடம் உறைப்பை அறிகிறது. நாம் காலங்காலமாக அறுசுவையில் சேர்த்த உறைப்பு, சுவையரும்பின் வழியாக வருவதில்லை. மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு சோடி மண்டையோட்டு நரம்புகளில், தொடுகை, சூடு, வலி ஆகியவற்றைச் சுமக்கும் ஐந்தாம் நரம்பின் வழியாக வருகிறது. அதன் முனைகளில் ஏறத்தாழ 43 பாகை செல்சியஸில் திறக்கும் வாங்கி (தூண்டலைப் பெற்று நரம்புக்குக் கொடுக்கும் புரதம்) ஒன்று உண்டு. கொச்சிக்காயில் உறைப்பைத் தரும் பொருளான கப்சைசின் அதே வாங்கியைத் திறப்பதால் மூளை 'சுடுகிறது' என்றே எடுத்துக்கொள்கிறது. 1997இல் இந்த வாங்கியை இனங்கண்ட டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கொச்சிக்காய் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள். கண்பரப்பையும் இதே நரம்புதான் காக்கிறது.

எரிகிறதா? தண்ணீரை விடுங்கள், கப்சைசின் அதில் எளிதில் கரையாது. ஒரு கரண்டி எருமைத் தயிரை வாயில் வைத்திருங்கள். அதன் கேசீன் புரதம் கப்சைசினைப் பற்றிக்கொள்ளும்.

இனி நரம்புகளின் பங்கீடு. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கில் தொடுகையும் வலியும் ஐந்தாம் நரம்புக்கு, சுவை ஏழாம் நரம்புக்கு. பின் மூன்றில் ஒரு பங்கில் இரண்டும் ஒன்பதாம் நரம்புக்கு. நாக்கை அசைப்பது பன்னிரண்டாம் நரம்பு. ஏழாவதின் சுவை இழைகள் நாக்கை அடையும்போது ஐந்தாவதின் கிளையோடு சேர்ந்தே வருகின்றன. ஆகவே கீழ்த்தாடைப் பல்லுக்கு விறைப்பு ஊசி போட்டால் அந்தப் பக்கத்து உதடும் நாக்கும் மரத்துப்போவதோடு சுவையும் மங்கலாம். அந்த நேரத்தில் பிள்ளைகள் உதட்டைக் கடித்தாலும் உணரமாட்டார்கள். விறைப்பு விடும்வரை அவர்களுக்குச் சோறும் சூடான தேநீரும் கொடுக்காதீர்கள்.