அமெரிக்கக் கல்லூரியில் நிதியுதவி கேட்கும்போது சறுக்கும் இடங்கள்

பிளஸ் டூ முடித்துவிட்டு இளங்கலை படிக்க அமெரிக்கா போக நினைப்பவர்கள் செய்கிற முதல் தவறு, 'முதல்ல சீட் கிடைக்கட்டும், பணத்தை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இருப்பது. இங்கே கல்லூரியில் சேர்ந்த பிறகுகூட கல்விக் கடனுக்கு அலையலாம், ஏதாவது சலுகைக்கு எழுதிப் போடலாம். அங்கே பல கல்லூரிகளில், வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போதே உதவி கேட்கவில்லை என்றால் நாலு வருஷமும் கேட்க முடியாது. ஹார்வர்டில் 2024–25 கல்வியாண்டுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, இதர கட்டணம் எல்லாம் சேர்த்து 82,866 டாலர், அதாவது ஒரு வருஷத்துக்கு எழுபது லட்ச ரூபாயை ஒட்டி. எந்தக் கல்லூரிக்குப் போடுவது என்பதையே பணம்தான் முடிவு செய்யும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அடுத்து, எல்லாக் கல்லூரியையும் ஒரே மாதிரி நினைப்பது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத், பௌடன், பிரவுன் போன்ற சில இடங்கள்தான் வெளிநாட்டு மாணவருக்கும் 'நீட்-பிளைண்ட்', அதாவது உங்களால் கட்ட முடியுமா என்பதைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்து, சேர்த்துக்கொண்டால் தேவை முழுவதையும் கொடுப்பவை. மற்றவை பெரும்பாலும் 'நீட்-அவேர்'. ஸ்டான்ஃபோர்டுகூட வெளிநாட்டு மாணவர் விஷயத்தில் இந்த வகைதான்: நீங்கள் உதவி கேட்பதும் முடிவில் ஒரு பங்கு வகிக்கும். இதைக் கேள்விப்பட்டதும் சிலர் 'உதவி வேண்டாம்' என்று டிக் அடித்துவிட்டு, இடம் கிடைத்ததும் கேட்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இடம் கிடைக்கலாம், ஆனால் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டாமல் விசாவுக்கு வேண்டிய, கல்லூரி தரும் ஐ-20 படிவம் வராது, அந்த இடத்தைச் சும்மா விட வேண்டியதுதான். அதைவிட கிரினெல், மக்கலெஸ்டர், லாஃபயெட் மாதிரி நம்ம ஊரில் பெயர் அதிகம் தெரியாத சிறிய கல்லூரிகளைப் பார்க்கலாம். வெளிநாட்டு மாணவருக்கும் நல்ல தொகை கொடுப்பவை அவை. சொந்தக்காரர்களுக்குப் பெயர் தெரியவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

பெர்க்லி, யுசிஎல்ஏ என்று கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போடுவது இன்னொரு வீண் செலவு. வெளிநாட்டு இளங்கலை மாணவருக்குத் தேவை அடிப்படையிலான உதவி அங்கே கிடையாது, விண்ணப்பக் கட்டண விலக்கும் கிடையாது. 'பையன் ஸ்கூல் ஃபர்ஸ்ட், ஐவி லீக்ல மெரிட் ஸ்காலர்ஷிப் கொடுப்பாங்க' என்பதும் நடக்காத காரியம். ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் மதிப்பெண்ணுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை, தேவைக்கு மட்டும்தான்.

இப்போது படிவங்கள். சொதப்பல் அதிகம் இங்கேதான். மாணவர் விசாவில், அதாவது எஃப்-1இல், போகிறவருக்கு அமெரிக்க அரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவம் பொருந்தாது, அதில் நேரத்தை விடாதீர்கள். பல தனியார் கல்லூரிகள் கேட்பது சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற, குடும்ப வருமான விவரங்களைக் கேட்கும் ஆன்லைன் படிவம். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். கட்ட முடியாவிட்டால் கல்லூரிக்கு மெயில் எழுதிக் கேளுங்கள். சில இடங்கள் கட்டண விலக்குக்கான குறியீட்டை அனுப்பும், சில இடங்கள் அதற்குப் பதிலாக இலவசப் படிவம் ஒன்றை ஏற்கும். சிஎஸ்எஸ் புரொஃபைலில் வருமானத்தை உங்கள் நாட்டுப் பணத்திலேயே போட வேண்டும். டாலருக்கு மாற்றிப் போட்டால் அப்பாவின் எட்டு லட்ச ரூபாய் சம்பளம் ஒன்பதாயிரத்தை ஒட்டிய ரூபாய் என்று பதிவாகும், பார்ப்பவர் உங்களைத்தான் சந்தேகப்படுவார்.

அதைவிட மோசம், தாலுகா ஆபீசில் வாங்கிய வருமானச் சான்றிதழ். ஏதோ ஒரு சலுகைக்காக 72,000 ரூபாய் என்று வாங்கி வைத்திருப்பதை அப்படியே ஸ்கேன் பண்ணி அனுப்புவார்கள், கூடவே போகும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் மாதாமாதம் வீட்டுக் கடன் தவணை மட்டும் முப்பதாயிரம் போயிருக்கும். அதைப் பார்க்கிற கல்லூரிக்காரருக்குக் கூட்டல் கழித்தல் தெரியும். ஐடி ரிட்டர்ன், ஃபார்ம் 16, வேலை கொடுப்பவரின் கடிதம், எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் அளவு வருமானமே இல்லை என்றால் அதையே எழுதிக் கொடுங்கள். அக்கா கல்யாணக் கடன், தாத்தாவின் மருத்துவச் செலவு, இந்த வருஷம் பொய்த்துப்போன விளைச்சல், இதையெல்லாம் எழுத சிஎஸ்எஸ் படிவத்திலேயே சிறப்புச் சூழ்நிலை என்று ஒரு பகுதி இருக்கிறது. நம்மவர்கள் அதைக் கௌரவம் பார்த்துக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

போலி ஆவணம் பக்கம் போகவே வேண்டாம், கன்சல்டன்ட் எவ்வளவு தைரியம் சொன்னாலும் சரி. பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முழு உதவியோடு சேர்ந்த ஓர் இந்திய மாணவர், மதிப்பெண் சான்றிதழ் முதல் அப்பாவின் மரணம் வரை எல்லாவற்றையும் போலியாகத் தயாரித்தது 2024-இல் வெளிவந்து, கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஊர் திரும்பினார். விசாவுக்காகக் கமிஷன் வாங்கிக்கொண்டு கணக்கில் பணம் போட்டுக் காட்டும் வேலையும் இதே ரகம்தான். ஏற்கெனவே ஏழை என்று எழுதியிருக்கிறீர்கள், திடீரென்று ஐம்பது லட்சம் எங்கிருந்து வந்தது? உண்மையில் அதற்குத் தேவையே இல்லை. கல்லூரி தரும் தொகை போக மீதிக்கு மட்டும் கணக்குக் காட்டினால் போதும்.

ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே உறுதி கொடுத்து விண்ணப்பிக்கும் ஏர்லி டிசிஷனில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். உதவி போதவில்லை என்றால் விலகலாம், ஆனால் வேறு கல்லூரிகள் என்ன தருகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்காது. உதவிக் கடிதம் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்துத் துள்ள வேண்டாம், அதில் எவ்வளவு இலவசம், எவ்வளவு கடன், எவ்வளவு நீங்கள் வேலை செய்து ஈட்ட வேண்டியது என்று பிரித்துப் பாருங்கள். கல்லூரி நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். மாணவர் விசாவுக்காகக் கட்டும் செவிஸ் கட்டணம் 350 டாலர், விமான டிக்கெட், சில இடங்களில் மருத்துவக் காப்பீடு, இவை பெரும்பாலும் நம் கையிலிருந்து போகும்.

லட்சக்கணக்கில் கன்சல்டன்ட்டுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எஜுகேஷன்யுஎஸ்ஏவிடம் கேளுங்கள். அமெரிக்க அரசு நடத்தும் இலவச ஆலோசனை அது, சென்னையில் யுஎஸ்ஐஇஎஃப் என்ற அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை வழியாகவும் கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணையம் வழியாகவும் கிடைக்கிறது. பிளஸ் ஒன்னிலேயே போனால் நல்லது, ஏனென்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் கேட்பார்கள், பள்ளியிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்குவதற்கே சில மாதங்கள் இழுக்கும்.