பன்றிக்குத் துப்பாக்கி வாங்கும் முன்: விவசாயிகள் செய்யும் தவறுகள்

அந்தியூரை அடுத்த பர்கூர் மலையடிவாரத்தில், கடலை காய் பிடிக்கிற நேரம் வந்துவிட்டால் டீக்கடையில் வேறு பேச்சே இருக்காது. "ராத்திரி அரை ஏக்கரு மரவள்ளியைக் கிளறிப் போட்டுட்டுப் போயிருச்சுங்க" என்று ஒருவர் வந்து உட்காருவார். பக்கத்தில் இருப்பவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார். "ஏனுங் தம்பி, ஒரு துப்பாக்கிக்கு எழுதிப் போட்டா என்ன? சிங்கிள் நல்லதா, டபுளா?"

என்னிடம் கேட்பதற்குக் காரணம், எங்கள் வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் ஒன்று உரிமத்தோடு இருப்பது. அப்பாவுக்குப் பிறகு என் பெயருக்கு மாறியது. அதைத் துடைத்து எண்ணெய் போடுவதும், உரிமத்தைப் புதுப்பிக்க ஈரோட்டுக்கு அலைவதும், தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவதும்தான் இத்தனை வருடத்தில் நான் அதை வைத்துச் செய்த வேலை. ஒரு பன்றியைக்கூடச் சுட்டதில்லை. சுடவும் முடியாது. முதல் தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உரிமம் வேறு, அனுமதி வேறு

துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமத்தை ஆட்சியர் அலுவலகம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தருகிறது. அதை வைத்துப் பன்றியைச் சுடலாமா என்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடிவு செய்கிறது. அலுவலகம் வேறு, அதிகாரி வேறு, தண்டனையும் வேறு. உரிமத்தில் "பயிர்ப் பாதுகாப்புக்காக" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, சொந்தத் தோட்டத்துக்குள் வந்ததைச் சுட்டால் யார் கேட்பது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வழக்கு வந்த பிறகுதான் கேட்பது யாரென்று தெரிகிறது.

காட்டுப்பன்றி, அந்தச் சட்டம் காக்கும் உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்து என்றால் அதைக் கொல்ல எழுத்துப்பூர்வமாக ஆணையிட முதன்மை வனவிலங்குக் காப்பாளருக்கோ அவர் அதிகாரம் அளித்தவருக்கோ 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆணை எழுத்தில் வேண்டும். வனக்காப்பாளர் ஒருவர் பேச்சுவாக்கில் "பாத்துக்கங்க" என்று சொன்னது ஆணை ஆகாது.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு ஒரு கணக்கு வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடுவது, அதையும் வனத்துறையும் பயிற்சி பெற்றவர்களுமே செய்ய வேண்டும். எங்கள் தோட்டத்துக்கும் காட்டெல்லைக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. யாருக்குப் பன்றித் தொல்லை அதிகமோ அவருக்குத்தான் துப்பாக்கி உதவாது. இதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால் எனக்கும் கோபம் வரும். ஆனால் உரிமத்துக்கு மனுப் போடுவதற்கு முன் தோட்டத்திலிருந்து காட்டெல்லை எவ்வளவு தூரம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடத்தில் பார்த்துவிடுவது, பிறகு இரண்டு வருடம் அலைவதை மிச்சப்படுத்தும்.

கேரளத்தில் வேறு ஏற்பாடு. அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே சுடுவதற்கு ஆணையிடலாம். பட்டியலில் உள்ள உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை வரவழைத்துச் சுடுகிறார்கள். அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்வதும் நான் அடிக்கடி பார்க்கிற தவறு.

"அது என் மேல பாஞ்சுது, அதான் சுட்டேன்" என்று சொல்லித் தப்பலாம் என்பது டீக்கடைச் சட்டம். உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் நீங்களே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தலையில் டார்ச் கட்டி, தோட்டா போட்டுப் பரணில் காத்திருந்தவர் தற்காப்பு என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. உயிரைக் காக்கச் சுட்டிருந்தாலும் செத்த பன்றி அரசின் சொத்து. கறி பங்கு போட்டால் அது தனிக் குற்றம்.

மயிலைப் பற்றி ஒரே வரி: அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணை, கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டுச் சிறை. விதைத்த கடலையைக் கொத்துகிறது என்ற ஆத்திரத்தில் அதன் பக்கம் ஏர்கன்னைத் திருப்பிவிட வேண்டாம்.

எண் பெரிதானால் துப்பாக்கி பெரிதா?

சரி, உரிமம் எடுப்பதென்று முடிவாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தோட்டம் 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறோம், பாதுகாப்புக்கும் வேண்டும். அடுத்த தவறு துப்பாக்கிக் கடையில் நடக்கிறது.

பன்னிரண்டு போர், பதினாறு போர் என்று சொன்னதும் பதினாறுதான் பெரியது என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒன்று எந்தக் குழலுக்குள் கச்சிதமாக நுழையுமோ அது பன்னிரண்டு போர். பதினாறாக உருட்டினால் உருண்டை சிறுத்துவிடும், குழலும் சிறுத்துவிடும். வாங்கினால் பன்னிரண்டையே வாங்குங்கள். தோட்டா தடையில்லாமல் கிடைப்பது அதற்குத்தான். நம் ஊர்க் கடைகளில் மற்ற அளவுக்குத் தோட்டா தேடி அலைவது பெரும்பாடு.

சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று முதலில் சொல்வது குழல் வாய்வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று உரிமம் தருபவருக்குத் தோன்றினால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு, அதாவது நம் ஊர் ஒற்றைக்குழல், இரட்டைக்குழலுக்கு அனுமதி தரலாம். பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதி, குழலுக்குள் வரி வெட்டிய ரைபிள் கேட்டு மனுப் போடுபவர், மனு ஏன் திரும்பி வந்தது என்று என்னிடம் கேட்கிறார். அந்தப் பிரிவில் ரைபிளே இல்லை.

ரைபிள் கிடைக்காதது ஒருவகையில் நல்லதுதான் என்பது என் எண்ணம். இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் .315 ரைபிள் குண்டு 2 கிலோமீட்டருக்கு மேலும் போகும். பத்து ஏக்கரைத் தாண்டினால் அடுத்தவர் களத்துமேடு, அதற்கடுத்துச் சாலை என்று இருக்கிற ஊரில் அதைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வது? .22 ரைபிள் சின்னது, அதனால் ஆபத்தில்லை என்பது இன்னொரு நினைப்பு. அதன் குண்டும் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை பறக்கும். ஆனால் வளர்ந்த பன்றிக்கு அது போதவே போதாது. காயம்பட்ட பன்றி ஓடி ஓடைப் புதருக்குள் படுத்திருக்கும். மறுநாள் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆளின் தொடையைத்தான் கிழிக்கும்.

ஏர்கன் விஷயத்தில் குழப்பம் அதிகம். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூல் ஆற்றல், இந்த இரண்டு வரம்புக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். அந்த 20 ஜூல் என்பது பன்னிரண்டு போர் தோட்டாவின் ஆற்றலில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பன்றியின் தோளில் பட்டால் அதற்குக் கொசுக்கடி. குரங்கின் கண்ணில் பட்டால் உங்களுக்கு வழக்கு.

தோட்டா எங்கே போய் நிற்கும்?

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது குழலைப் பார்க்கிறார்கள், கட்டையைப் பார்க்கிறார்கள், தாத்தா கையில் இருந்தது போலவே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தங்கள் நிலத்தைப் பார்ப்பதில்லை. பன்றியின் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. மேட்டு வரப்போ மண் கரையோ இருந்தால் தப்பிய குண்டு அதில் புதைந்துவிடும். எங்கள் பக்கம் போலப் பாறை நிலமாக இருந்தால் குண்டு எகிறி எந்தப் பக்கம் போகும் என்று சுட்டவருக்கே தெரியாது.

பெரிய ஈயக்குண்டு போட்ட எல்.ஜி, எஸ்.ஜி தோட்டாக்கள் நாற்பது மீட்டருக்குள்தான் நம்பிக்கையாகப் படும். அதற்கப்பால் குண்டுகள் விலகி ஒவ்வொன்றும் ஒரு திசையில் போகும். படாமல் போனது அங்கேயே விழுந்துவிடுவதில்லை. ஐந்நூறு மீட்டருக்கு அப்பாலும் போகும். ஒற்றை உருண்டைத் தோட்டா வாங்கும்போது குழலின் வாய் எவ்வளவு குறுகல் என்று கேட்காமல் வாங்குவதும் ஆபத்து. பழைய இரட்டைக்குழலில் ஒரு குழல் பெரும்பாலும் அதிகம் குறுக்கியதாக இருக்கும். உருண்டை அதில் இறுகினால் குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும். துரு தின்ற பழைய குழலை ஆயுதப் பழுது உரிமம் உள்ளவரிடம் காட்டாமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி ராத்திரி, பக்கத்துத் தோட்டத்து மாமாவோடு மக்காச்சோளக் காட்டுக் காவலுக்குப் போயிருந்தேன். கையில் டார்ச்சும் தகரமும் மட்டும். பனியில் தட்டை நனைந்து, யாரோ வேட்டி உரசிக்கொண்டு நடப்பதுபோலச் சத்தம். டார்ச் அடித்ததும் இரண்டு பச்சைப் புள்ளிகள் பளிச்சென்று மின்னின. "பன்னிடா, பன்னிடா" என்று மாமா கிசுகிசுத்தார். அவிழ்த்துக்கொண்டு வந்த எங்கள் வீட்டுக் கிடாரி அது. மாட்டுக்கும் நாய்க்கும் பூனைக்கும் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் உண்டு. பன்றிக்கு அது கிடையாது. அதன் கண் அப்படி மின்னாது. டார்ச்சில் கண் பளபளத்தால் அது பன்றியாக இருக்க வாய்ப்பே குறைவு. மாமா கையில் அன்றைக்கு என் துப்பாக்கி இருந்திருந்தால்?

கொடுத்திருக்கவும் முடியாது. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும். மச்சான், பங்காளி, தோட்டத்து ஆள் என்று கைமாற்றுவது குற்றம்.

பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கி

பல வீடுகளில் தாத்தா இறந்து இருபது வருடம் ஆகியிருக்கும். துப்பாக்கி மட்டும் பரணில் சாக்குக்குள் கிடக்கும். உரிமம் அவரோடு போய்விட்டது. "அது வேலையே செய்யாதுங்க" என்பது பதிலாகாது. உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டுச் சிறை. செய்பவர், விற்பவருக்கு 7 ஆண்டில் ஆரம்பித்து ஆயுள் வரை போகும். வாரிசுப் பெயருக்கு மாற்ற வழியிருக்கிறது. வேண்டாமென்றால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். மலைக் கிராமங்களில் போலீஸ் அறிவிப்புச் செய்து நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைக்கச் சொல்வது உண்டு. அப்படிக் கொடுத்துவிடுவது நல்லது. குழாயில் கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் (பேரிங்கில் இருக்கும் இரும்புக் குண்டு) கிட்டித்த அந்தச் சாமான், எதிரே இருப்பவரைவிடப் பிடித்திருப்பவரின் முகத்துக்குத்தான் அதிக ஆபத்து.

துப்பாக்கி கிடைக்கவில்லை என்று அதைவிட மோசமானதைத் தேடுவதுதான் இதில் எனக்கு மிகவும் பயம் தருவது. தீனிக்குள் நாட்டு வெடியை மறைத்து, அவுட்டுக்காய் என்று வைக்கிறார்கள். அதைக் கடிப்பது பன்றியா, மேயப்போன மாடா, யானையா என்று அதற்குத் தெரியாது. 2020 மே மாதம் பாலக்காட்டில் கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே செத்தது இப்படி வைத்த வெடியால்தான். கரண்டுக் கம்பி இழுக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் 3 யானைகள் ஒரே இரவில் கருகின, தோட்டக்காரர் கைதானார். அதே ஆண்டு மின்வேலிக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சூரிய ஒளி வேலி போடுவதானாலும் பதிவு வேண்டும். கார்பைடு கன் என்று குழாயில் செய்து விற்கும் வெடிச்சத்தக் கருவியும் விளையாட்டுச் சாமான் இல்லை. 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் அதனால் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கண் கெட்டது, சிலருக்குப் பார்வையே போனது.

பழைய சேலையை வேலியாகக் கட்டுவது, சலூனிலிருந்து முடி வாங்கி வரப்போரம் தூவுவது, கடலையைச் சுற்றி நாலு வரிசை ஆமணக்கு ஊன்றுவது, இதெல்லாம் எங்கள் பக்கம் செய்கிறோம். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. மூக்கைக் குழப்புவது ஓரளவு பலிக்கிறது. ஒரே முறையை விடாமல் வைத்திருந்தால் பதினைந்து நாளில் பழகிவிடுகிறது, மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். எதுவுமே முழுசாக நிற்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று, துப்பாக்கி இருப்பவர் இல்லாதவர் எல்லாருக்கும். பன்றி கிளறிய காட்டை ஆத்திரத்தில் உடனே உழுதுவிடாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் குளம்புத் தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுங்கள். தடத்தின் அளவு தெரியும். சர்வே எண் போட்டு அன்றைக்கே வனச்சரகர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்பதற்கும், எங்கள் ஊரில் பன்றி இவ்வளவு என்று காட்டிச் சுடும் ஆணை கேட்பதற்கும் அந்த முத்திரை போட்ட தாள்தான் கணக்கு. என்னிடம் துப்பாக்கி கேட்ட மாமாவிடம் இப்போது அப்படிப் பதினோரு தாள் சேர்ந்திருக்கிறது.