சந்தா கட்டாமல் ட்ரோன் காணொளியைத் தொகுக்க
ட்ரோன் காட்சிகளுக்குத் தொகுப்பு மென்பொருள் தேடுபவர் விலையைப் பார்க்கும் முன் தம் கணினியின் திறனைப் பார்ப்பது நல்லது. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவான 4கே காட்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மெகாபைட் இடம் பிடிப்பதால், பழைய மடிக்கணினி திணறிவிடும். அதற்கு முற்றிலும் இலவசமான ஷாட்கட் அல்லது கேடென்லைவ் போதும். ப்ராக்ஸி வசதியை இயக்கிக்கொண்டால், சிறிய நகல்களை வைத்துத் தொகுத்துவிட்டு, இறுதிக் காணொளியை மூலக் கோப்புகளிலிருந்தே எடுக்கலாம்.

நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பையே பரிந்துரைப்பேன். டி-லாக் முறையில் (பின்னர் வண்ணம் திருத்துவதற்கென்றே நிறங்களை மங்கலாகப் பதியும் டிஜேஐ ட்ரோன்களின் பதிவு முறை) எடுத்த, வெளிறிச் சாம்பல் பூத்த காட்சியில் வானத்தின் நீலத்தையும் வயலின் பச்சையையும் தனித்தனியே மீட்க அதன் வண்ணத் திருத்தப் பகுதி பெரிதும் உதவும். கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவையும் ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால், சொந்தக் காட்சி ஒன்றை இலவசப் பதிப்பில் முழுதாகத் தொகுத்துப் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.