குழந்தைகளின் பிட்யூட்டரிப் பகுதிக் கட்டிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடாத தலைவலியும் காலை வாந்தியும் உள்ள குழந்தைக்கு மூளைக்கட்டி இருக்கலாம் என்பது மருத்துவம் படித்த எவருக்கும் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. நீலகிரிக்குப் பணிக்கு வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை சூடுபட்டுக் கற்ற அதே பிழைகளைத் திரும்பச் செய்வதைப் பார்ப்பதால் அவற்றை மட்டும் சொல்கிறேன். மூளையின் அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரியின் பகுதியில் குழந்தைகளுக்கு அதிகம் வருவது கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டி. அது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் 5 முதல் 14 வயதுக்குள் தெரியவரும். மெதுவாக வளர்வதாலேயே ஏமாற்றிவிடும்.

மலையின்மேல் பழி போடுவது

வாந்திக்குக் கொண்டை ஊசி வளைவு, தலைவலிக்குப் பனிக்காற்று, அடிக்கடி போகும் சிறுநீருக்குக் குளிர் என்று இங்கே எதற்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. குளிரில் சிறுநீர் கூடுவது உண்மைதான். ஆனால் ஊட்டியின் ஜனவரி நள்ளிரவில் எழுந்து, பல் கூசும் குடத்துத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடிக்கும் குழந்தைக்குக் குளிர் காரணமாக இருக்க முடியாது.

உயரத்தைக் குறித்து வைக்காதது

நான்கு வயதுக்குப் பின், பூப்புக்கு முன், குழந்தை ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. வளரும், 4 செ.மீ.க்கும் குறைந்தால் காரணம் தேட வேண்டும். பழைய அளவு கிடைக்காவிட்டால், பள்ளி ஸ்வெட்டரை எப்போது வாங்கினார்கள் என்று கேளுங்கள்.

கார்டிசோலைப் பார்க்காமல் தைராக்ஸின் கொடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கார்டிசோல் என்பது அட்ரினல் சுரப்பியின் உயிர் காக்கும் ஹார்மோன்; தைராக்ஸின் தைராய்டு ஹார்மோன் மருந்து. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டிலிருந்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக அதே ஸ்வெட்டர்; அதன் கை கொஞ்சமும் குட்டையாகவில்லை. சோர்வாக இருக்கிறாள் என்று வேறொரு இடத்தில் இரத்தம் பார்த்திருக்கிறார்கள். தைராய்டு ஹார்மோனான எஃப்.டி.4 குறைவு, தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். இயல்பு. தைராய்டு பழுதென்றால் டி.எஸ்.எச். ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லையென்றால் கோளாறு பிட்யூட்டரியில் என்று அந்தச் சீட்டே சொல்லியிருக்கிறது. அதைப் படிக்காமல் தைராக்ஸின் எழுதிவிட்டார்கள்.

தைராக்ஸின் உடலின் வேகத்தைக் கூட்டி, இருக்கும் கொஞ்சக் கார்டிசோலையும் விரைவில் கரைத்துவிடும். சில நாட்களில் வாந்தி தொடங்கியது. எங்களிடம் வந்தபோது சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கிக் கிடந்தன. இரத்த மாதிரி எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், கார்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் 50 மி.கி. ஊசியும் சலைனும் குளுக்கோஸும் கொடுத்த பிறகுதான் கண் திறந்தாள்.

அதற்குப் பிறகு சிறுநீர் லிட்டர் கணக்கில் போகத் தொடங்கியது. "முன்னாடி ராத்திரியெல்லாம் தண்ணி கேப்பா டாக்டர், அப்புறம் தானா நின்னுடுச்சு, சரியாயிடுச்சுன்னு இருந்தோம்" என்றார் அவள் தாய். சரியாகவில்லை; கார்டிசோல் வற்றிப்போனால் சிறுநீரகத்தால் நீரை வெளியேற்ற முடியாது, அதனால் சர்க்கரை நோயில் சேராத, பிட்யூட்டரிக் கோளாறால் வரும் அந்த நீர்ப்போக்கு (டயாபடீஸ் இன்சிபிடஸ்) மறைந்திருந்தது. எம்.ஆர்.ஐ.யில் நீர்க்கட்டியும், சி.டி.யில் சுண்ணாம்புப் படிவும் தெரிந்தன. ஆகவே காலை கார்டிசோலைப் பாருங்கள். குறைவென்றால் முதலில் ஹைட்ரோகார்டிசோன், பிறகே தைராக்ஸின். இந்த வரிசையை எந்த அவசரத்திலும் மாற்றாதீர்கள்.

எழுத்துப் பலகையை மட்டும் நம்புவது

பலகையின் எழுத்தைச் சரியாகப் படிக்கும் குழந்தைக்கும் பக்கப் பார்வை போயிருக்கலாம். ஒரு கண்ணை மூடி, பக்கவாட்டில் விரலை அசைத்துப் பாருங்கள்.

வீங்கிய பிட்யூட்டரியைக் கட்டி என்பது

தைராய்டே பழுதாகி டி.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தால் பிட்யூட்டரி வீங்கும். தைராக்ஸினில் அது சுருங்கும், கத்தி வேண்டாம்.

மார்க்கர் பார்க்காமல் அறுவைக்கு அனுப்புவது

சில கட்டிகள் இரத்தத்தில் விடும் அடையாளப் பொருட்களான ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், பீட்டா எச்.சி.ஜி. இரண்டையும் முதலில் பாருங்கள். ஜெர்மினோமா என்ற கட்டி வகை, அறுத்து எடுக்காமலே கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் நன்றாகக் கட்டுப்படும்.

முழுவதையும் எடுத்தே தீர வேண்டும் என்பது

பசியை ஆளும் மூளைப்பகுதியான ஹைப்போதலாமஸில் ஒட்டியிருப்பதைச் சுரண்டினால், அடங்காப் பசியும் கட்டுக்கடங்காத உடல் பருமனும் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். பார்வை நரம்பின் அழுத்தத்தைக் குறைக்கும் அளவுக்கு எடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பதே பல குழந்தைகளுக்கு நல்லது. பெற்றோர் "மொத்தமாக எடுத்துவிடுங்கள்" என்றுதான் கேட்பார்கள். கோயம்புத்தூருக்கு அனுப்புமுன் இதை நாமே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

ஊசியில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது

கார்டிசோல் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும் என்று எல்லோரும் சீட்டில் எழுதுகிறார்கள். வாந்தியெடுக்கும் குழந்தைக்கு மாத்திரை தங்காது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் சாலையும் இராது. மூன்று வயதுக்குள் 25, பன்னிரண்டு வரை 50, அதற்கு மேல் 100 மி.கி. என்ற ஹைட்ரோகார்டிசோன் ஊசி அளவைத் தமிழில் எழுதி, குப்பியையும் சிரிஞ்சையும் தாயின் கையில் கொடுத்து, அவரே போடும் வரை வார்டில் பழக்கிய பிறகே டிஸ்சார்ஜில் கையெழுத்திடுங்கள்.