வீட்டுல வந்து தங்குற விருந்தாளி வாய் திறந்து கேக்குறதுக்கு முன்னாடி நாம என்னென்ன செஞ்சு வைக்கணும்

ரெண்டு வருஷம் முன்னாடி மார்கழியில தென்காசியிலருந்து எங்க மாமாவும் அத்தையும் தாம்பரம் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கினாங்க. மாமா நாலரைக்கே எந்திரிச்சுக் குளிக்கிற ஆளு. ஹீட்டர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளிய, ஃபிரிட்ஜ் பக்கத்துல இருக்குன்னு நாங்க சொல்லவே இல்ல, அவரும் தூங்குற புள்ளைங்கள எதுக்கு எழுப்பணும்னு நாலு நாளும் பச்சத்தண்ணியிலயே குளிச்சிருக்காரு. பொங்கல் முடிஞ்சு அத்தை போன்ல பேச்சுவாக்குல சொன்னப்பதான் எங்களுக்கே தெரியும். நம்ம ஆளுங்க கேக்க மாட்டாங்க, நாம கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்ப்பா"ன்னுதான் சொல்லுவாங்க.

முதல் வேலை, கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு போன். எந்த வண்டி, எங்க இறங்குறாங்க, காபிக்குச் சக்கரை உண்டா, ராத்திரி மாத்திரை எத்தனை மணிக்கு, மூட்டுவலி இருக்கா. இன்சுலின் போடுறவங்கன்னா ஃபிரிட்ஜ்ல ஒரு சின்ன டப்பா காலி பண்ணி வைங்க, ஃப்ரீசர்ல மட்டும் வெச்சிடக் கூடாது, உறைஞ்சா அது வீண்.

ரெண்டாவது படுக்கை. பீரோவுலருந்து எடுத்த பெட்ஷீட்ட அப்படியே விரிச்சா ரூம் பூரா அந்துருண்டை வாசம்தான், முந்தின நாளே வெயில்ல போட்டு எடுத்துடுங்க. அப்புறம் தலைகாணி எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. பெரியவங்க வடக்க தலை வெச்சுப் படுக்க மாட்டாங்க. நமக்கு அதுல நம்பிக்கை இருக்கா இல்லையாங்கிறது வேற கதை, தலைகாணிய மாத்திப் போட எவ்ளோ நேரம் ஆகப்போகுது? கட்டில் ஒத்துக்காதவங்களுக்கு ஒரு பாயும் ஜமக்காளமும் சுவத்தோரமா சாய்ச்சு வெச்சிட்டா அவங்களே விரிச்சுக்குவாங்க. ஏசி 24ல இருந்தாலும் சிலருக்குக் குளிரும், அதனால ரிமோட்ட அவங்க கையிலயே குடுத்துடுங்க, கூடவே ஒரு போர்வை.

மூணாவதுதான் எனக்கு முக்கியம், வந்த உடனே பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறது. எது சுடுதண்ணிக் குழாய், எந்தப் பக்கம் திருப்பணும், தாழ்ப்பாள் இறுக்கமா இருந்தா எப்படித் தூக்கிப் போடணும், ஃப்ளஷ் எங்க அமுக்கணும், எல்லாத்தையும் ஒரு தடவை நாமளே செஞ்சு காட்டணும். ஷவர் இருந்தாலும் பக்கெட்டும் மக்கும் வேணும், பெரியவங்களுக்கு உக்காந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஈரத்துண்டு காயப்போடக் கொடியில ஒரு ஓரத்தைக் காலியா விடுங்க, இல்லன்னா சுருட்டிப் பைக்குள்ளயே வெச்சுக்குவாங்க. எங்க வீட்டுல இப்ப ஹீட்டர் சுவிட்ச் மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாச்சு.

ராத்திரிக்குத் தலைமாட்டுல ஒரு சொம்புத் தண்ணி, டம்ளர், கொசுவத்தி, போன் சார்ஜ் போட எட்டுற தூரத்துல ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பாத்ரூம் வரைக்கும் போற வழியில ஒரு ஜீரோ வாட்ஸ் பல்ப் எரியட்டும், இருட்டுல சுவரைத் தடவிக்கிட்டுப் போறது பாவம்.

காபி டிகாஷன் ராத்திரியே இறக்கி வெச்சிடுங்க. சீக்கிரம் எந்திரிக்கிறவங்க நாம முழிக்கிற வரைக்கும் சோபாவுல சும்மாவே உக்காந்திருப்பாங்க, "பால் ஃபிரிட்ஜ்ல, லைட்டர் இங்க, நீங்களே போட்டுக்குங்க அத்தை"ன்னு சொல்லிட்டுப் படுத்தா அவங்களுக்கும் நம்ம வீடு மாதிரி இருக்கும். எங்க அத்தை இப்பல்லாம் எனக்கும் சேத்துப் போட்டு வெச்சிடுறாங்க!

சாப்பாட்டுல நான் சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, வேணாம்னு சொல்றவங்க தட்டுல நாலாவது இட்லியத் தூக்கிப் போடாதீங்க. மத்தியானம் ரூம் கதவைச் சாத்திட்டு ஒரு மணி நேரம் தனியா இருக்க விடுங்க.

கிளம்புற அன்னைக்கு ரயிலுக்குக் கட்டுச்சோறு. இட்லிய நல்லா ஆறவிட்டு ரெண்டு பக்கமும் மொளகாப்பொடியும் நல்லெண்ணெயும் தடவுங்க. வாழையிலைய அடுப்புத் தணல்ல லேசா வாட்டிட்டுக் கட்டினா கிழியாது. ஆட்டோ வர்றதுக்கு முன்னாடி கொடியையும் பிளக் பாயிண்டையும் ஒரு தடவை பாத்துடுங்க. மாமா ஒவ்வொரு தடவையும் சார்ஜரை விட்டுட்டுப் போவாரு, இப்ப எங்ககிட்ட ரெண்டு இருக்கு.