எந்த நாகை வைத்துக்கொள்வது? மரபணு முன்கணிப்பு, அடியிலிருந்து

பட்டியில் இரண்டு நாகு, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம் பசுக்கள், நிற்கின்றன. ஒரே தாய், இரண்டுக்கும் ஒரே காளையின் விந்து ஊசி. மகளின் படிப்புச் செலவுக்கு ஒன்றை விற்க வேண்டும். எதை விற்பது? மட்டக்களப்பில் இதற்குப் பதில் சொல்வது பெரும்பாலும் கண்தான், மடியைப் பார்ப்போம், முதுகைப் பார்ப்போம், தாய் எவ்வளவு கறந்தது என்று யோசிப்போம். ஆனால் இங்கே தாயும் தகப்பனும் ஒன்று, தாயின் பாலை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை.

இருந்தும் அவை ஒரே மாடுகளாக வளராது. கன்றுக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வருகிறது, எந்தப் பாதி என்பது கன்றுக்குக் கன்று மாறும். அதைக் கன்று பிறந்த கிழமையே டி.என்.ஏ.யில் பார்த்து, பிற்காலத்தில் எப்படிக் கறக்கும் என்று மதிப்பிடுவதுதான் மரபணு முன்கணிப்பு. இந்தக் கணக்கை 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2009இல் அமெரிக்காவின் ஹோல்ஸ்டீன், ஜேர்சி மாடுகளுக்கு அது அதிகாரபூர்வ மதிப்பீடாகவே வந்துவிட்டது. அதற்கு முன் ஒரு காளை நல்லதா என்று அறிய, அதன் மகள்கள் வளர்ந்து கன்று ஈன்று கறக்கும்வரை ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஐந்து மாடு வைத்திருக்கிற எனக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கென்னவோ நமக்குத்தான் இது கூடுதலாக உதவும் என்று படுகிறது. பட்டியில் நாம்பன்கள், அதாவது இளம் காளைகள், திரிகின்றன, எந்தக் கன்றுக்கு எது தகப்பன் என்று பட்டிக்காரருக்கே தெரியாது. டி.என்.ஏ. இருந்தால் வம்சப் பதிவு இல்லாமலே எந்த மாடு எதற்கு எவ்வளவு சொந்தம், ஒரு கலப்பு மாட்டில் ஜேர்சி எவ்வளவு, சாகிவால் எவ்வளவு, நாட்டு மாடு எவ்வளவு என்று கணித்துவிடலாம். தான்சானியாவிலும் எத்தியோப்பியாவிலும் சிறு பண்ணைக் கலப்பு மாடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள். இந்தியாவில் 2024இல் மாட்டுக்குக் ‘கௌசிப்’, எருமைக்கு ‘மகிஷ்சிப்’ என்று தங்கள் இனங்களுக்கே சிப், அதாவது டி.என்.ஏ.யைப் பரிசோதிக்கும் சின்னத் தகடு, வெளியிட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். தனி வீட்டால் ஆகாது, ஊர்ப் பண்ணையாளர் சங்கமாகச் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

படி 1: ஒரு மாட்டுக்கு ஒரு இலக்கம்

குறி சுட்டிருப்பது யாருடைய மாடு என்று சொல்லும், எந்த மாடு என்று சொல்லாது. காதில் இலக்கம் போடுங்கள், அதே இலக்கம் கொப்பியிலும் இருக்கட்டும். ‘சிவப்பி’, ‘நெற்றிச்சுட்டி’ என்று எழுதினால் அடுத்த வீட்டிலும் ஒரு சிவப்பி இருக்கும்.

படி 2: பாலை எழுதுவது

நான் அதிகம் மன்றாடுவது இங்கேதான். பால் எழுதாத ஊரில் டி.என்.ஏ. அறிக்கைக்கு ஒரு பெறுமதியும் இல்லை, ஏனென்றால் டி.என்.ஏ.யில் எந்த அடையாளம் பாலைக் கூட்டுகிறது என்று கணக்குக்குச் சொல்லிக் கொடுப்பதே நீங்கள் எழுதும் லீற்றர்தான். தினமும் எழுதத் தேவையில்லை, மாதத்தில் ஒரு நாள், அந்த நாளில் கறக்கிற எல்லா மாட்டையும் தனித்தனியாக எழுதினால் போதும். நுரையோடு அளக்காதீர்கள், வாளியைத் தொங்கு தராசில் நிறுத்து வாளியின் எடையைக் கழியுங்கள், ஒரு லீற்றர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ. கன்றை ஊட்டவிட்டுக் கறக்கிறீர்களா, காலையில் மட்டுமா, இரண்டு நேரமுமா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். கன்று ஈன்ற திகதி கட்டாயம் வேண்டும்.

பெரும்போக விதைப்புக்கு மாடுகளை மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போகும்போதுதான் கொப்பி வீட்டில் தங்கிவிடுகிறது. எங்களுக்கு ஒரு வருடம் நாலு மாதக் கணக்கு அப்படியே போனது. இப்போது பட்டிக்குப் போகிறவர் கையடக்கத் தொலைபேசியில் இலக்கத்தையும் எடையையும் குரல் பதிவாக அனுப்பிவிடுகிறார், வீட்டில் இருப்பவர் எழுதுகிறார்.

ஊசி போட்டால், விந்து அடைத்து வரும் சின்னக் குழாயான ஸ்ட்ரோவைப் பாவித்தபின் வீசாதீர்கள். காளையின் இலக்கம் அதில்தான் அச்சாகியிருக்கும், கொப்பியிலேயே ஒட்டிவிடுங்கள்.

படி 3: வால் மயிர்

வால் குஞ்சத்தில் சுத்தமான, காய்ந்த இடமாகப் பார்த்து இருபது முப்பது மயிரை விரலில் சுற்றி வெடுக்கென்று பிடுங்குங்கள். கத்தரிக்கக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் வெள்ளையாகச் சின்ன மொட்டு தெரியும், டி.என்.ஏ. எடுப்பது அந்த வேரிலிருந்துதான். கடதாசி உறையில் போட்டு இலக்கம் எழுதுங்கள், பொலித்தீன் வேண்டாம், மாரியில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வந்துவிடும். அடுத்த மாட்டைத் தொட முன் கையைத் துடையுங்கள்.

படி 4: கணக்கு எப்படி ஓடுகிறது

ஆய்வுகூடம் ஒரு மாட்டில் 50,000 இடங்கள் அளவில் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று எண் தரும். அந்த இடத்தில் குறிப்பிட்ட டி.என்.ஏ. எழுத்து எத்தனை பிரதி இருக்கிறது என்பதுதான் அந்த எண். விளங்குவதற்காக மூன்று இடம் மட்டும் எடுப்போம். முதலாவது பிரதிக்கு 0.4 லீற்றர் கூட்டுகிறது, இரண்டாவது 0.2 குறைக்கிறது, மூன்றாவது 0.1 கூட்டுகிறது என்று வைப்போம். மூத்த நாகின் எண்கள் 2, 1, 0. அதன் கூட்டு 0.8 கழித்தல் 0.2, ஆக 0.6. இளையதின் எண்கள் 0, 2, 2. அதற்கு −0.4 கூட்டல் 0.2, ஆக −0.2. தாயும் தகப்பனும் ஒன்றாக இருந்தும் நாளுக்கு 0.8 லீற்றர் வித்தியாசம்.

அந்த 0.4, 0.2 எங்கிருந்து வந்தன? உங்கள் கொப்பிகளிலிருந்து. அதற்கு முன் தீனியின் வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும். செங்கலடியில் தவிடும் புண்ணாக்கும் தின்று 8 லீற்றர் கறக்கும் மாடு, அந்த வீட்டுச் சராசரி 9 என்றால், ஒன்று குறைவு. வட்டமடுவில் மேய்ந்து 4 கறக்கும் மாடு, அந்தப் பட்டிச் சராசரி 3 என்றால், ஒன்று கூடுதல். மரபுக்காகத் தெரிவு செய்தால் நான் வட்டமடு மாட்டைத்தான் எடுப்பேன். வீட்டில் இரண்டே மாடு என்றால் சராசரி நம்பத்தக்கதாக இராது, அங்கேதான் டி.என்.ஏ. சொந்தம் கைகொடுக்கும், ஒரே காளையின் மகள்கள் பல வீடுகளில் நிற்பதால் வீட்டையும் மாட்டையும் பிரித்தறியலாம்.

வெளிநாட்டு எண்களை இறக்கிப் போட்டால் என்ன? அந்த 50,000 இடங்களும் பாலைத் தரும் மரபணுவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெயர்ப்பலகைகள் மாதிரி. இனம் மாறினால் பலகை ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலும் இருக்கும். அமெரிக்க ஹோல்ஸ்டீனில் பழகிய கணக்கு, வெயிலில் மேயும் நமது கலப்பு மாட்டில் தடுமாறும். நமது மாடுகளே, அதுவும் ஆயிரக்கணக்கில், பதிவில் இருக்க வேண்டும். கிரான், வெல்லாவெளி, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் ஒரே பட்டியலில் வர வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். கால்நடை வைத்திய அலுவலகத்தையும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தையும் சங்கமாகப் போய்க் கேளுங்கள்.

படி 5: முடிவெடுப்பது

அறிக்கையில் பெறுமதியோடு நம்பகத்தன்மையும் இருக்கும். அது குறைவென்றால் சின்ன வித்தியாசத்துக்காக நாகை விற்காதீர்கள். நன்றாகப் பராமரிக்கும் பண்ணையிலேயே மாட்டுக்கு மாடு பால் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்களவுதான் மரபு, மிச்சம் புல்லும் தண்ணீரும் நோயும். பாலை மட்டும் பார்த்து ஓடினால் சினைப்பிடிப்பு கைவிட்டுப் போகும், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

நாம்பன்களில்தான் பெரிய இலாபம், ஏனென்றால் ஒரு நாம்பன் பட்டி முழுக்கக் கன்று போடும். பெறுமதி கூடியதை வைத்து மற்றவற்றை நலமடித்து (காயடித்து) விடுங்கள். அதன் மகள்கள் வேட்கைக்கு வருமுன் அதைத் தூரத்துப் பட்டிக்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள், சொந்தத்துக்குள் கலப்பு வராது.

வைத்துக்கொண்ட நாகு கன்று ஈன்றதும் அதன் பாலையும் அதே கொப்பியில், அதே இலக்கத்துக்கு நேரே எழுதுங்கள். அடுத்த முறை கணக்குப் போடும்போது முன்கணிப்பு எவ்வளவு சரியாக வந்தது என்று அந்த வரிதான் காட்டும்.