செவிலியர்களின் டிஜிட்டல் நல எழுத்தறிவை அளப்பது எப்படி?

கணினியில் மளமளவென்று தட்டச்சு செய்கிறவருக்கு, இணையத்தில் கண்ட மருந்துத் தகவலை நம்பலாமா கூடாதா என்று தெரிந்திருக்கும் எனச் சொல்ல முடியாது. நாம் அளக்கப் போவது இந்த இரண்டாவது திறமையை: நலத் தகவலைத் தேடுவது, எடைபோடுவது, வேலையில் பயன்படுத்துவது. "வாட்ஸ்அப் பயன்படுத்துகிறீர்களா?" போன்ற கேள்விகள் இங்கே உதவாது.

முதலில் கருவியைத் தேர்ந்தெடுங்கள். சொந்தமாகக் கேள்விகள் எழுதும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. நார்மன், ஸ்கின்னர் என்ற ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட இ-ஹீல்ஸ் (eHEALS) என்ற சுயமதிப்பீட்டு அளவுகோலில் 8 கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 8 முதல் 40 வரை. ஐந்து நிமிடம் போதும் என்பதால் பணி மாறும் நேரத்தில்கூட நிரப்பிவிடலாம். ஆனால் அது பழையது. தனியுரிமை காப்பது, தானே பதிவு எழுதுவது போன்றவையும் வேண்டுமென்றால் 2017இல் வந்த டி.ஹெச்.எல்.ஐ. (DHLI) என்ற இன்னொரு கேள்வித்தாளின் பக்கம் போங்கள். அதில் 7 திறன்கள், 21 கேள்விகள்.

இரண்டுமே பொதுமக்களுக்காக எழுதப்பட்டவை. "என் உடல்நலக் கேள்விகளுக்கு" என்று படிக்கும் செவிலியர், தன்னை நினைத்துப் பதில் சொல்வதா, நோயாளியை நினைத்தா? இதைத் தாளின் தலைப்பிலேயே தெளிவாக்குங்கள். கேள்வியின் வார்த்தையை மாற்றினால் அறிக்கையில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு சில செவிலியர்களிடம் கொடுத்து, "இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது?" என்று விசாரியுங்கள். வேடிக்கையான பதில்கள் வரும்; அவைதான் திருத்த வேண்டிய இடங்கள்.

ஆய்வு நெறிமுறைகளைச் சரிபார்க்கும் நெறிக்குழுவின் ஒப்புதல் வாங்கியபின் தகவல் சேகரிக்கலாம். தாளைத் தலைமைச் செவிலியர் கையால் கொடுக்கவும் வாங்கவும் வேண்டாம். மேலதிகாரி பார்ப்பார் என்ற பயம் இருந்தால் எல்லோரும் 4, 5 என்றே வட்டமிடுவார்கள். பெயர் கேட்காதீர்கள். இரவுப் பணியில் இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

கணக்கு எளிது. மதிப்பெண்களைக் கூட்டி, சராசரியும், மதிப்பெண்கள் அதிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் திட்ட விலக்கமும் போடுங்கள். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா எண் 0.70க்குக் குறைவாக வந்தால் கேள்விகளை மறுபடி பாருங்கள். இ-ஹீல்ஸுக்கு எல்லோரும் ஏற்ற தேர்ச்சி எல்லை கிடையாது; அதனால் "இத்தனை பேர் தேறவில்லை" என்று எழுதுவதை நான் தவிர்ப்பேன்.

சரி, இதுவரை அளந்தது என்ன? தன்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் நம்பிக்கையை மட்டும்தான். அதனால் ஒரு சின்னச் செயல்சோதனையும் வையுங்கள். இருபது பேருக்கு ஒரு கணினியும் பத்து நிமிடமும் கொடுத்து, இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று தேடச் சொல்லுங்கள். விடை சரியா, யார் வெளியிட்ட பக்கம், எந்த ஆண்டுத் தகவல் என்று கவனித்தாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இவர்களுக்கு மட்டும் கேள்வித்தாளிலும் சோதனையிலும் ஒரே குறியீட்டு எண் கொடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தாளில் 38 எடுத்தவர் இங்கே 1 வாங்கினால், பயிற்சியை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.